கூட்டுப் படகு கரை சேர வேண்டுமானால்...



சென்ற தை மாதம், பொங்கல் வியாபாரம் ஓய்ந்த ஒரு மதிய நேரம், நம் கடைக்கு ஐந்து இளைஞர்கள் வந்தார்கள். கோபிசெட்டிபாளையத்திலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் மளிகை, காய்கறி, தேங்காய் வியாபாரம் செய்பவர்கள். ஐவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். ஒருவர் கடையில் சரக்குத் தட்டினால் மற்றவர் கடையிலிருந்து சீட்டுக்கூட இல்லாமல் மூட்டை போகும். அவ்வளவு நெருக்கம்.

விஷயம் இதுதான். தூத்துக்குடியில் ஒரு பழைய தோணி விலைக்கு வருகிறதாம். அங்கிருந்து மாலத்தீவுக்குக் காய்கறி, மளிகை, கட்டுமானப் பொருள் ஏற்றிப் போகும் மரத்தோணி. "ஆளுக்கு ஒரு பங்கு போட்டு வாங்கிப் போடலாம்னு இருக்கறமுங்க. நம்ம பக்கத்துச் சரக்கையும் ஏத்தலாம், வெளி ஆளுங்க சரக்குக்கு வாடகையும் வரும். நீங்க என்னங்க சொல்றீங்க?" என்று கேட்டார்கள்.

நாம் மூன்று கேள்வி கேட்டோம். "தென்மேற்குக் காத்து அடிக்கற மாசத்துல கடலு கொந்தளிக்கும், தோணி கரையில கட்டிக் கெடக்கும். அப்பச் செலவுக்குப் பணம் யாருங்க போடறது? தண்டல்கிட்ட உங்க அஞ்சு பேர்ல யாரு பேச்சு எடுபடும்? ஒருத்தருக்குத் தங்கச்சி கல்யாணம் வந்து பணம் வேணும்னா, எப்படி வெளிய வருவாரு?"

ஐவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒருவர் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் பாத்துக்கலாமுங்க. நாங்க ஒண்ணுக்குள்ள ஒண்ணு" என்றார்.

இந்தப் 'பாத்துக்கலாமுங்க' என்ற சொல்லின் விலை என்னவென்று நமக்குத் தெரியும். கொடுத்து வாங்கியவர்கள் நாம்.

நாம் பட்ட பாடு

1988-ல் நாம் உட்பட நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரு லாரி வாங்கினோம். 'ஓடம் வண்டியில் ஏறும், வண்டி ஓடத்தில் ஏறும்' என்பார்கள். லாரியானால் என்ன, படகானால் என்ன, கூட்டு ஒன்றுதான். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை, மஞ்சள், வாழைத்தார் ஏற்றிக் கேரளாவுக்கு அனுப்பினோம். அமாவாசைக்கு அமாவாசை கணக்குப் பார்த்து லாபத்தை நான்காகப் பிரித்தோம். இரண்டு வருஷம் தேனாக ஓடியது.

மூன்றாம் வருஷம் இன்ஜின் படுத்துவிட்டது. பெரிய செலவு. இருவர் உடனே பணம் போட்டோம். மூன்றாமவர், "என் சரக்கு மாசத்துக்கு ரெண்டு நடைதான் போகுது. உங்க சரக்குத்தான் எட்டு நடை போகுது. எப்படிங்க சமமாப் போடறது?" என்றார். நான்காமவர்தான் டிரைவர், டயர், பெர்மிட் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர். அவர், "ரெண்டு வருஷம் ராப்பகலா ஓடுனதுக்கு எனக்கு ஒரு பைசா எடுத்துக்கல. மொதல்ல அதைக் கணக்குப் பாருங்க" என்றார்.

இதில் யார் பேசியது தவறு? இன்று யோசித்தால் நால்வர் பேச்சிலும் நியாயம் இருந்தது. நான்கு நியாயத்தையும் ஒன்றாக்க ஒரு துண்டுக் காகிதம் இல்லை. லாரி எட்டு மாதம் ஷெட்டில் நின்று, வாங்கியதில் பாதிக்கும் கீழான விலைக்குப் போனது. அந்த நட்டத்தை மூன்றே வருஷத்தில் கடையில் ஈடு கட்டிவிட்டோம். ஆனால் நம் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி விசாரிக்க வேண்டிய நண்பர் பந்தலுக்கே வரவில்லை. அதை எந்த வியாபாரத்தில் ஈடு கட்டுவது?

கடலோடிகள் கண்ட கணக்கு

துண்டாக்க முடியாத பொருளைப் பலர் சேர்ந்து வைத்துக்கொள்வது ஒரு தனிக் கலை. அரிசி மூட்டையை ஐந்தாக அளந்து பிரிக்கலாம். படகை ஐந்தாக அறுத்தால் ஐந்து பேருக்கும் விறகுதான் மிஞ்சும். அதனால்தான் கடலை நம்பி வாழ்ந்தவர்கள் நமக்கு முன்னரே இதற்கு வழி கண்டிருக்கிறார்கள்.

நம் கடற்கரை மீனவர் பங்கு முறையைப் பாருங்கள். மீன் விற்ற பணத்தில் முதலில் டீசல், ஐஸ், சாப்பாடு போன்ற பொதுச் செலவைக் கழிப்பார்கள். மீதியில் கடலுக்குப் போன ஆட்களுக்குப் பங்கு உண்டு. படகுக்கும் வலைக்கும் இன்ஜினுக்கும் தனிப் பங்கு உண்டு. ஊருக்கு ஊர் விகிதம் மாறும், தத்துவம் மாறாது. படகும் ஓர் ஆள் மாதிரி பங்கு வாங்குகிறது! முதல் போட்டவனுக்கு வேறு கணக்கு, உழைத்தவனுக்கு வேறு கணக்கு. நம் லாரியில் இந்த ஒரு விதி இருந்திருந்தால் நான்காமவருக்கும் நமக்கும் பேச்சே வந்திராது.

இங்கிலாந்துச் சட்டத்தில் ஒரு கப்பலின் உடைமையை 64 பங்காகப் பிரிப்பது நெடுநாள் வழக்கம். நம் நாட்டில் 1958-ம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம், பதிவு செய்த கப்பலைப் பத்துப் பங்காக வகுத்தது. ஒரு பங்கை அரையாக, காலாகத் துண்டாக்கிப் பதிய அது இடம் கொடுக்கவில்லை. ஒரே பங்கை ஐந்து பேருக்கு மேற்படாமல் கூட்டாக வைத்துக்கொள்ள அனுமதித்தது. ஆனால் அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு அந்த ஐவரும் ஒரே ஆளாக இருந்தார்கள். தனித்தனியே யாரும் தன் துண்டை விற்க முடியாது என்றிருந்தது. 2025-ல் புதிய வணிகக் கப்பல் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. பழைய சட்டத்தின் ஏற்பாட்டில் நாம் கற்க வேண்டியது ஒன்று: பங்கு இன்னது, பங்குக்காரர் இன்னார் என்பது கப்பல் கடலில் இறங்கும் முன்பே பதிவேட்டில் ஏற வேண்டும்.

கடலை விடுங்கள், நம் கொங்கு நாட்டுத் தோட்டத்துக் கிணற்றைப் பாருங்கள். கிரயப் பத்திரத்தில் கிணற்றில் பொதுவில் நாலில் ஒரு பாகம், மோட்டாரில் நாலில் ஒரு பாகம் என்று எழுதியிருக்கும். தண்ணீர் பாய்ச்ச முறை உண்டு. மோட்டார் கருகினால் பங்குப்படி பணம் போட வேண்டும். அண்ணன் தம்பி பங்காளிகளே எழுதி வைத்துக்கொள்ளும்போது, நண்பர்கள் எழுதாமல் விடுவது எப்படிச் சரியாகும்?

எழுதினால் மட்டும் போதுமா என்றால், போதாது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரையில் பல ஊர்களில் நாலைந்து மீனவருக்குப் பொதுவாக ஒரு ஃபைபர் படகு என்று உதவியாகக் கொடுத்தார்கள். சில குழுக்கள் நிலைத்தன. சில குழுக்களில் கடைசியில் ஒருவரே மற்றவர்களுக்குப் பணம் கொடுத்துப் படகை எடுத்துக்கொண்டார். பட்டியலில் பெயர் சேர்ந்ததால் மனம் சேர்ந்துவிடாது. நட்பும் வேண்டும், எழுத்தும் வேண்டும். ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை.

இருபத்தைந்து ரூபாய்க் கப்பல்

அந்த இளைஞர்கள் தூத்துக்குடி என்று சொன்னதும் நமக்கு வ.உ.சிதம்பரம் பிள்ளை நினைவுதான் வந்தது. தமிழ் வணிகர்கள் கூட்டாகக் கப்பல் வைத்த கதையை நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். வியாபாரி கண்ணோடு அதை மறுபடி படிக்க வேண்டும்.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அன்று பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் ஆதிக்கம். அதற்கு எதிராக 1906 அக்டோபர் 16-ம் தேதி சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர் பாண்டித்துரைத் தேவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வணிகர் மட்டும் 8,000 பங்குகளை, அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு, எடுத்துக்கொண்டார். பெரிய வணிகரும் சேரலாம், 25 ரூபாய் உள்ள சாதாரணக் கடைக்காரரும் சேரலாம் என்ற ஏற்பாடு எவ்வளவு பெரிய யோசனை!

முதலில் பம்பாய்க் கம்பெனி ஒன்றின் கப்பலை வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். எதிரிக் கம்பெனி கொடுத்த நெருக்கடியில் அது திரும்பிப் போய்விட்டது. வாடகைப் படகை நம்பினால் நடுக்கடலில்தான் நிற்க வேண்டும் என்று புரிந்து, சொந்தக் கப்பல் வாங்க வ.உ.சி. பம்பாய் சென்றார். 1907-ல் எஸ்.எஸ். காலியா, எஸ்.எஸ். லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. ஒவ்வொன்றும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணிகளையும் 4,000 மூட்டைச் சரக்கையும் ஏற்றக்கூடியவை.

அடுத்து நடந்ததுதான் நம் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியது. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசி அரை ரூபாய் ஆக்கியது. உடனே அவர்கள் இலவசமாகவே ஏற்றிப் போகிறோம், கூடவே ஒரு குடையும் தருகிறோம் என்றார்கள்! இன்று பெரிய பெரிய கம்பெனிகள் அடக்க விலைக்கும் கீழே விற்று, வீட்டு வாசலில் கொண்டு வந்து வைத்து, மேலே ஒரு பரிசும் கொடுத்து நம் வாடிக்கையாளரை இழுக்கின்றனவே, அந்தத் தந்திரத்துக்கு வயது நூறுக்கு மேல். ஆழமான பை உள்ளவன் நட்டத்தை நீண்ட நாள் தாங்குவான். நம் பை வற்றும் வரை காத்திருப்பான்.

அன்றைய மக்கள் இலவசத்தை விட்டுச் சுதேசிக் கப்பலில் ஏறினார்கள் என்பது நமக்குப் பெருமை. ஆனால் பெருமை நிலக்கரிச் செலவுக்கு ஆகாது. அதோடு கம்பெனியின் உயிர்நாடியான வ.உ.சி. 1908 மார்ச் 12-ல் கைது செய்யப்பட்டார். ஜூலையில் கடும் தண்டனை விதித்து, நம் கோவைச் சிறைக்குக் கொண்டு வந்தார்கள். கப்பல் விட்டவர் இங்கே செக்கு இழுத்தார். வெளியே கம்பெனி தள்ளாடியது. 1911-ல் கலைக்கப்பட்டது. காலியா கப்பல் எந்தக் கம்பெனியை எதிர்த்து வாங்கப்பட்டதோ அந்தக் கம்பெனிக்கே விலை போயிற்று.

அரசாங்கமே எதிரியாக நின்றபோது எந்த ஏற்பாடு இருந்தாலும் தாக்குப் பிடித்திருக்குமா என்பது வேறு விஷயம். அந்தத் தியாகத்தைக் குறை சொல்ல நமக்குத் தகுதி இல்லை. ஆனால் கூட்டு வியாபாரிக்கு இதில் இரண்டு பாடம் உண்டு. ஒன்று, வாங்குவதற்கு மட்டும் பணம் திரட்டினால் போதாது. நட்டம் தாங்கவும் பணம் ஒதுக்க வேண்டும். மற்றொன்று, ஒரே ஆளின் தோளில் கூட்டு நிற்கக் கூடாது. அவர் இல்லாத நாளில் யார் சுக்கான் பிடிப்பது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது லிமிடெட் கம்பெனி. 25 ரூபாய்ப் பங்கை முழுதும் கட்டியவர் இழந்தது அந்த 25 ரூபாயோடு முடிந்தது. நண்பர்கள் நாம் போடும் சாதாரணக் கூட்டில் அப்படி இல்லை. அது சட்டம் சொல்வது.

சட்டம் என்ன சொல்கிறது?

1932-ம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. நாம் எழுதி வைக்காததை எல்லாம் இந்தச் சட்டம் தன் போக்கில் நிரப்பிக்கொள்ளும். அது நாம் நினைத்தபடி இருக்காது.

வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் லாபமும் நட்டமும் எல்லோருக்கும் சமம். அதிக முதல் போட்டவர் என்றாலும் சமம்தான். தொழிலைப் பார்த்துக்கொள்பவருக்குச் சம்பளம் கேட்க உரிமை கிடையாது. எழுதி வைத்திருந்தால்தான் உண்டு. அன்றாட விஷயத்தைப் பெரும்பான்மை தீர்மானிக்கலாம். தொழிலின் தன்மையை மாற்ற எல்லோர் சம்மதமும் வேண்டும். கூட்டாளி ஒருவர் இறந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது கூட்டே கலைந்துவிடும். தொழிலின் கடனுக்கு ஒவ்வொருவரும் சேர்ந்தும் தனித்தும் பொறுப்பு. கடன் கொடுத்தவர் ஐவரில் வசதியானவர் ஒருவர் வீட்டுக் கதவை மட்டும் தட்டலாம். கூட்டைப் பதிவு செய்யாவிட்டால், வரவேண்டிய பாக்கிக்கு வெளியார் மீது வழக்குப் போட முடியாது. கூட்டாளி மீதும் ஒப்பந்த உரிமைக்காக வழக்குப் போட முடியாது.

இன்னொரு நுட்பம். ஒரு பொருளைச் சேர்ந்து வைத்திருந்து வருமானத்தைப் பிரித்துக்கொள்வதாலேயே அது கூட்டாண்மை ஆகிவிடாது என்றும் இதே சட்டம் சொல்கிறது. ஆகவே நீங்கள் வெறும் கூட்டு உடைமைக்காரர்களா, கூட்டாளிகளா என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். வீடு வாசலைக் காப்பாற்ற வேண்டுமானால், 2008-ல் வந்த வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மைச் சட்டப்படி பதிவு செய்வது பற்றியும் ஆடிட்டரிடம் கேட்பது நல்லது.

முத்திரைத்தாளில் ஏற வேண்டியவை

படகோ, லாரியோ, குளிர்பதனக் கிடங்கோ, மிளகாய் அரைக்கும் மிஷினோ, நண்பர்கள் கூட்டாக வாங்கும் எதற்கும் பின்வரும் ஏழும் வாங்கும் முன்பே எழுதப்பட வேண்டும்.

1. பங்கு: யாருக்கு எத்தனை, அவர் போட்ட முதல் எவ்வளவு. பதிவுப் புத்தகத்திலும் இன்சூரன்ஸிலும் யார் பெயர்.

2. உபயோகம்: யார் சரக்குக்கு எத்தனை நடை. கூட்டாளி சரக்கானாலும் வாடகை உண்டு. வெளியாரிடம் வாங்குவதுபோல் பேரேட்டில் பற்று எழுத வேண்டும். இதை எழுதியிருந்தால் நம் மூன்றாமவர் கேள்விக்குப் பதில் கிடைத்திருக்கும்.

3. உழைப்பு: பொறுப்பாகப் பார்ப்பவருக்கு மாதம் இவ்வளவு. நண்பனிடம் எப்படிக் கேட்பது என்று அவர் கூச்சப்படுவார். அந்தக் கூச்சம்தான் பின்னால் கோபமாக வெடிக்கும்.

4. பொருளின் பங்கு: வருமானத்தில் ஒரு பாகத்தைப் படகுக்கென்று தனிக் கணக்கில் போட்டுவிட வேண்டும். மரத்தோணி என்றால் பலகை இடுக்கில் பஞ்சு திணித்து அடைக்கும் கலப்பத்து வேலை முதல் இன்ஜின் வரை செலவு வந்துகொண்டே இருக்கும். ஓடாத மாதத்துக்கும் வட்டி ஓடும். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுக்காரர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தைத் தெரிந்தே கணக்குப் போடுகிறார்கள். நாமும் வருஷத்துக்குப் பன்னிரண்டு மாத வருமானம் என்று கணக்குப் போடக் கூடாது.

5. தீர்மானம்: எவ்வளவு தொகை வரை பொறுப்பாளர் தானே செலவு செய்யலாம், எதற்கு எல்லோரும் கூட வேண்டும். அவர் இல்லாவிட்டால் அடுத்தவர் யார்.

6. வெளியேறும் வழி: விலகுபவர் முதலில் கூட்டாளிகளுக்குத்தான் விற்க வேண்டும். விலை நிர்ணயம் எப்படி, பணம் எத்தனை தவணை. ஒருவர் காலமானால் அவர் குடும்பத்துக்கு என்ன, எத்தனை மாதத்துக்குள். இந்த ஒன்றை மட்டும் யாரும் வாய்விட்டுப் பேச மாட்டார்கள். பேசியே ஆக வேண்டும்.

7. வழக்கு வந்தால்: கோர்ட்டுக்குப் போகுமுன் யார் சொல்லுக்குக் கட்டுப்படுவது. நம் சங்கத்துப் பெரியவர்கள் இருவரைப் பேர் சொல்லி எழுதிக்கொள்ளலாம்.

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்றார்கள் நம் முன்னோர். ஆற்றுக்கே அந்த விதி என்றால் கடலில் போடுவதற்குக் கேட்க வேண்டுமா?

எழுதக் கேட்டால் நட்புக்கு மரியாதை இல்லையே என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. கடைப் பையன் எடுத்துக் கொடுக்கும் கால் கிலோ புளியையே நாம் சிட்டையில் எழுதுகிறோம். அது அவனை நம்பாததால் அல்ல, நம் ஞாபகத்தை நம்பாததால். பத்து வருஷம் கழித்து நால்வர் ஞாபகமும் நான்கு விதமாக இருக்கும். அன்று காகிதம் பேசினால் நண்பர்கள் சண்டை போட வேண்டியதில்லை.

அந்த ஐந்து இளைஞர்களும் இந்த ஏழையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போனார்கள். பங்குனியில் மறுபடி வந்தபோது நால்வராக வந்தார்கள். ஆறாவது ஷரத்து பேசும்போது, ஐந்தாமவர் தனக்கு இரண்டு வருஷத்தில் வீடு கட்டும் செலவு இருப்பதை மனம் விட்டுச் சொல்லி விலகிக்கொண்டாராம். "அவனுக்கு வருத்தம் ஒண்ணுமில்லீங்க. வெளிய டீக்கடையில நிக்கறான், கூப்புடட்டுங்களா?" என்றார்கள். கூப்பிடச் சொன்னோம். ஐவரும் சேர்ந்து உட்கார்ந்து நம் கடையில் காப்பி குடித்தார்கள். தோணியை வாங்கலாமா வேண்டாமா என்று இன்னும் கணக்குப் பார்க்கிறார்கள். வாங்கினாலும் வாங்காவிட்டாலும், முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் நமக்குக் கிடைக்காத ஒன்று அவர்களுக்குக் கிடைத்துவிட்டது.

கடைசியாக ஒரு வார்த்தை. 1912 இறுதியில் விடுதலையான வ.உ.சி., பிறகு சென்னையில் மளிகைக் கடையும் மண்ணெண்ணெய்க் கடையும் வைத்துப் பிழைத்தார். கப்பல் ஓட்டியவர் நம்மைப் போலத் தராசு பிடித்தார். அவர் காட்டிய வழியில் 25 ரூபாய்க்காரரும் 2 லட்ச ரூபாய்க்காரரும் ஒரே கப்பலில் ஏறினார்கள். பெரிய கம்பெனிகள் நம் தெருவுக்கே வந்துவிட்ட இந்தக் காலத்தில் சிறு வியாபாரிகள் தனித்தனியே நின்றால் கரையில்தான் நிற்க வேண்டும். கூட்டாகச் சேருங்கள். சேர்ந்து வாங்குங்கள். ஆனால் காலைப் படகில் வைப்பதற்கு முன் கையெழுத்தைக் காகிதத்தில் வையுங்கள்.

வாழ்க வணிகர் ஒற்றுமை!